சவுந்தரம் டீச்சர் தைத்த சின்னச் சப்பாத்துகள்

வியாழக்கிழமை மூன்றாம் பீரியடில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்று, "டீச்சர், நம்ம தையல் டீச்சர் போயிட்டாங்களாம்" என்றார். சாக்பீஸைக் கீழே வைத்தேன். கண்ணீர் வருமுன்பே எனக்குத் தோன்றியது இதுதான்: இனி எல்லாரும் அவரைப் பற்றியே பேசுவார்கள். பதினைந்து ஆண்டுகள் ஒரே ஓய்வறையில் அவரோடு இருந்தவள் நான். இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, நானும் அவரும் கீரமங்கலம் பெண்கள் பள்ளியில் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எனக்குக் கணக்கு, அவருக்குத் தையல். படிப்பிலும் சம்பளத்திலும் நான் ஒரு படி மேல். ஆனால் மத்தியான மணி அடித்ததும் கைக்குழந்தையோடு பள்ளிக்கு வரும் தாய்மார்கள் தேடியது அவரைத்தான். கணக்கு டீச்சரைத் தேடி யாரும் வந்ததில்லை.

குழந்தைகளுக்கு அவர் சப்பாத்து தைத்துக் கொடுத்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல் அடிப்பகுதிக்கு, பலமுறை துவைத்து நைந்த கைத்தறி வேட்டித்துணி மேலுக்கு. எந்தத் தோலையும் முதலில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். "உறுத்துதுன்னு சொல்ல அதுக்கு வாய் இல்லீங்க. நாமதான் பாக்கணும்" என்பார். நிற்கப் பழகாத பிள்ளைக்குக் கேட்டால் தைக்கமாட்டார். "வீட்டுக்குள்ள வெறுங்காலா தவழட்டும். வெயில்ல எறங்குற அன்னிக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் சிரித்துக்கொண்டே போவதைப் பார்த்து எனக்கு எரியும்.

என் மகள் தேவகி பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது, கேட்காமலே ஒரு ஜோடி தைத்துக் கொண்டுவந்தார். வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். பினாங்கிலிருந்த அண்ணனுக்கு எழுதி, பளபளக்கும் சிவப்பு பூட்ஸ் வரவழைத்தேன். அதைக் காட்டத்தான் குழந்தையை ஒருநாள் பள்ளிக்குத் தூக்கிப்போனேன். சவுந்தரம் டீச்சர் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"அழகா இருக்கு டீச்சர். ஆனா விரல் மடங்குது. வேணாங்க."

"அங்கிட்டு வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் போடுது" என்றேன்.

கோயில் திருவிழாவன்று காலையிலிருந்து பொழுதுசாயும்வரை தேவகி அந்த பூட்ஸோடுதான் இருந்தாள். குதிகாலில் புண்ணாகி, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்தது. புதுக்கோட்டைக்குத் தூக்கிப்போய் ஒரு வாரம் வைத்தியம் பார்த்தோம். திரும்பி வந்ததும் ஓய்வறையில் ஒருவர் கேட்டார்: "தையல் டீச்சர் குடுத்ததைப் போட்டுத்தான் இப்படி ஆச்சா?"

"ஆமா" என்றேன். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சந்தைக்கு வந்தவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மத்தியானங்களில் வாசல் வெறிச்சோடியது. தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, "இனிமே இங்க சப்பாத்து தைக்காதீங்க" என்றார். நானும் அங்கே நின்றேன். சவுந்தரம் டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். "சரிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

புண் ஆறியது, பயம் ஆறவில்லை. காலருகே எதைக் கொண்டுபோனாலும் தேவகி வீறிட்டாள். மாதங்கள் போயின. ஒருநாள் வேறு வழியில்லாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வளரும் காலுக்கென்று சற்றுப் பெரிதாகவே அவர் தைத்திருந்ததை எடுத்து மாட்டினேன். குழந்தை அழவில்லை. குனிந்து பார்த்தது. பிறகு முற்றத்து வெயிலில் இறங்கி நடந்தது.

மறுநாள் காலை தையல் அறைக்குப் போய் நின்றேன்.

"போட்டுப் பாத்தீங்களா?" என்று அவரே கேட்டார்.

"ம்."

"நல்லா நடக்குதா?"

"நடக்குது. டீச்சர், என்னை மன்னிச்சிருங்க."

அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். முகம் இறுகியிருந்தது. "எங்கிட்ட கேக்காதீங்க. எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

அன்று மாலை ஓய்வறையில், தலைமையாசிரியை முன்னிலையில், சொன்னேன். சவுந்தரம் டீச்சர், "ஒக்காருங்க டீச்சர்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். அடுத்த மாதமே தாய்மார்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். என் வயிற்றெரிச்சலும் மறுபடி வந்தது. ஆனால் அதன்பின் அவரைப் பற்றி ஒரு பொய்யும் நான் சொல்லவில்லை. அவரும் அந்தப் பழைய பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. தேவகிக்குத் தையல் சொல்லிக் கொடுத்ததும், அவள் முதல் தாவணிக்கு ஓரம் அடித்ததும் அவர்தான்.

அவர் வீட்டுக்குப் போனபோது தேவகி எனக்கு முன்பே அங்கிருந்தாள். பள்ளிச் சீருடையோடு, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அடக்கமாட்டாமல் அழுதாள். எனக்காக இவள் இப்படி அழுவாளா என்று அந்த இடத்திலும் நினைத்தேன். அவளைத் தூக்கிவிடச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, நானும் அழுதேன்.

சென்று வாருங்கள், சவுந்தரம் டீச்சர்.