ஊருக்காகப் போட்டுக்கொண்ட ஊசி

வேடியப்பனின் வலது மணிக்கட்டைச் சுற்றி மயிரே முளைக்காத ஒரு வளையம் உண்டு. இருபது வருஷம் காப்புக் கட்டிய தடம். ஜவ்வாது மலையில் முப்பத்திரண்டு வீடுகள் உள்ள ஊருக்கு அவர் நாட்டார், ஊர்த்தலைவர். காளியம்மன் திருவிழாவுக்கு அங்கே வீட்டுக்கு வீடு விரதம் கிடையாது. நாட்டார் ஒருவர் மஞ்சள் துணியைக் காப்பாகக் கட்டிக்கொண்டு ஏழு நாள் பட்டினி கிடந்தால் ஊர் மொத்தமும் கிடந்ததாகக் கணக்கு. மற்றவர்கள் கஞ்சி குடித்துவிட்டுச் சாமைக் கொல்லைக்குப் போகலாம். ஏழு நாளுக்குள் காப்பு அவிழ்ந்தால் மட்டும் ஊருக்கு ஆகாது.

எழுபத்தெட்டாம் வருஷ மழையில் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாந்திபேதி வந்து நாலு பேர் செத்தார்கள். வேடியப்பனுக்கு ஒரே மகள், பச்சையம்மா. தாயில்லாதவள். ஏழு மாதக் கர்ப்பத்தோடு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை ஓடைப் பக்கமே விடாமல் மேட்டுச் சுனையிலிருந்து அவரே தண்ணீர் சுமந்தார்.

அப்போதுதான் நாங்கள் தடுப்பு ஊசி போடப் போனோம். சென்னையிலிருந்து வந்த அதிகாரி கோபால்சாமி, நர்ஸ் சுந்தரம்மாள், பெயர் எழுதுகிற தற்காலிக வேலையில் நான். மலையேறும்போது கோபால்சாமி மனித மனசைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். விளக்கம் சொன்னால் யாரும் கேட்பதில்லையாம்; பெரிய மனுஷன் கையை நீட்டினால் மற்றவர்கள் தானாக நீட்டுவார்களாம். சந்தவாசல் பக்கம் இப்படித்தான் ஒரே நாளில் முடித்தாராம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஊர் முழுக்கப் புளியமரத்தடியில் கூடியிருந்தது.

“ஊருக்காக மொதல்ல நீங்க போட்டுக்கணும், நாட்டாரே” என்றார் கோபால்சாமி.

“ஊருக்காகவா?”

“ஆமாங்க. ஊருக்காகத்தான்.”

வேடியப்பன் வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு திரும்பி வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. சுந்தரம்மாள் மஞ்சள் மருந்தில் துணியை நனைத்துப் புஜத்தில் இறுக்கிக் கட்டினார்.

பெண்கள் குலவை விட்டார்கள். ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கலைந்து போனார்கள். பச்சையம்மாவும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். ஊசிக்குக் கூப்பிட்டதற்கு, நாட்டார்தான் போட்டுக்கினாரே என்று சிரித்தார்கள். பெட்டியில் நூற்றைம்பது பேருக்கு மருந்து அப்படியே இருந்தது. அந்த ஈர வேட்டி என்னை உறுத்தியது. அது எதற்கு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கோபால்சாமி ‘மக்கள் மறுப்பு’ என்று எழுதச் சொன்னார், எழுதினேன். புறப்படும்போது சுந்தரம்மாள், கட்டை நாளைக்கு அவிழ்த்துவிடுங்கள் என்று நாட்டாரிடம் சொன்னார்.

மூன்றாம் வாரம் நோய் ஓடையைத் தாண்டியது. ஒன்பது சாவு. ஏழாவது பச்சையம்மா, வயிற்றுப் பிள்ளையோடு.

குளோரின் பொடி கொடுக்க நான் மறுபடி போனபோது யாரும் வேடியப்பனைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். அவருடைய அக்கா மகன் அர்ச்சுனன் மட்டும் என் எதிரிலேயே கேட்டான்.

“மறுநாளே காப்ப அவுத்துட்டியாமே, மாமா. இன்னா அப்படி அவசரம்?”

அவன் போன பிறகு வேடியப்பன் என்னிடம் திரும்பினார். “நர்சம்மாதான் அவுக்கச் சொன்னாங்க. நீகூட கேட்டுக்கினு இருந்தியே, தம்பி.”

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அது காப்பு இல்லை, வெறும் கட்டு. அவிழ்த்ததால் எதுவும் ஆகவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர் உடம்புக்கு மட்டும்தான் அது காவல்.

ஊசி போட்ட புஜத்தைத் தடவினார்.

“அப்போ எனக்கு மட்டுந்தான் போட்டுக்கினனா?”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“அவுத்தது தப்புன்னே இருந்திருக்கலாம்” என்றார்.

நாலு நாள் கழித்து ஊசிப் பெட்டியோடு மறுபடி ஏறினோம். காப்பை அவிழ்த்ததுதான் காரணம் என்று விட்டுவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் ஊர் இன்னொருவனை ஈர வேட்டியோடு உட்கார வைத்திருக்கும். புளியமரத்தடியில் நின்று, தான் போட்டுக்கொண்டது தன் உடம்புக்கு மட்டும்தான், ஊருக்கு அது சேரவில்லை, ஆளுக்கு ஆள் கையை நீட்டுங்கள் என்று சொன்னார். கூட்டத்தில் ஒரு பெண் காறித் துப்பினாள். பிறகு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தைகூட விடுபடவில்லை.

பெரியவர் காட்டிய வழியில் ஊர் போக ஒரு மாதம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் கோபால்சாமி. தன் முறை நன்றாக வேலை செய்வதாக அறிக்கையில் எழுதச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன்.

அடுத்த ஆடித் திருவிழாவில் காப்பு அர்ச்சுனன் கைக்குப் போனது. அந்த ஏழு நாளும் வேடியப்பன் தன் வீட்டில் பட்டினி கிடந்தாராம். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.