சாத்தூரில் ஒரு ஷெரீப் தேர்தல் முடிவு

அமெரிக்காவில் நடந்த ஒரு தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள, போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விருதுநகரிலிருந்து சாத்தூர் போனேன். நேராகப் போனால் நாற்கரச் சாலையில் இருபத்தேழு கிலோமீட்டர்தான். ஆனால் திருத்தங்கலில் குருசாமியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் சிவகாசி சுற்றிப் போனேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. இதுகூடப் போனில் பேசிப் பதிந்ததுதான், மருமகள் பிழை திருத்திப் போடுகிறாள். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் மெஷினுக்குத் தாள் அடுக்கினேன். குருசாமி அங்கே மெஷின்மேன், படித்தவர். படக்கதைப் புத்தகம் அச்சாகும் நாளில், மை படிந்து கழித்துப்போட்ட தாளைச் சாப்பாட்டு நேரத்தில் விரித்து வைத்துச் சத்தமாக வாசிப்பார். பதினைந்து பேர் தூக்குச்சட்டியோடு சுற்றி உட்காருவோம். கௌபாய் கதை என்றால் பைண்டிங் பெண்களும் வந்துவிடுவார்கள்.

அதில் ஒரு கதை என் மனதை விட்டுப் போகவே இல்லை. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் மேற்கு அமெரிக்காவில் ஒரு புழுதிக்காட்டு ஊர். அங்கே போலீஸ் அதிகாரியான ஷெரீப்பையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பக்கம் ரயில் கம்பெனியின் ஆள். எதிரே மார்ட்டின், குதிரைக்கு லாடம் அடிப்பவன், விவசாயிகள் நிறுத்திய ஆள். அந்தக் காலத்தில் அங்கே ஓட்டுச்சீட்டை அரசாங்கம் அடிக்காது, கட்சிக்காரர்களே ஆளுக்கொரு நிறத்தில் அடித்துக் கொடுப்பார்கள். கம்பெனிக்கு மஞ்சள், மார்ட்டினுக்கு நீலம். எழுத்துத் தெரியாதவன் நிறம் பார்த்துப் பெட்டியில் போடலாம், வசதிதான். ஆனால் கையில் என்ன நிறம் என்று ஊரே பார்க்கும், கம்பெனி அடியாளும் பார்ப்பான். நான் சின்னம் பார்த்துக் குத்திவிட்டு, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வீடு வந்து சேருகிறேன். அந்த வகையில் அமெரிக்காக்காரனைவிட நான் மேல்.

ஊரில் இருப்பது ஒரே அச்சகம். கம்பெனிக்காரன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, நீலச் சீட்டிலும் என் ஆள் பேரையே அடி என்கிறான். அச்சுக்காரன் தலையாட்டிவிட்டு, இரண்டு நிறத்திலும் மார்ட்டின் பேரையே அடித்துவிடுகிறான். மார்ட்டின் ஜெயிக்கிறான். குருசாமி வாசிக்க நான் கேட்ட முடிவு இது. நாற்பது வருஷமாக இந்தக் கதையை ரயிலில், ஆஸ்பத்திரி வராண்டாவில், கல்யாணப் பந்தியில் என்று எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் திருத்தங்கலில் ஒரு கல்யாணத்தில் சொன்னபோது குருசாமி பக்கத்து இலையில் இருந்தார். மார்ட்டின் தோற்றான் என்றார். பிற்பாடு கடையில் புத்தகம் வாங்கிப் படித்தாராம். போகட்டும். அதோடு நிறுத்தாமல், “நான் அப்படி வாசிக்கவே இல்ல. எழுத்துத் தெரியாத ஆளு, பாதியை அவராச் சேத்துக்கிட்டாரு” என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னார். பாயசம் வரும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. கதை சொல்வதும் நின்றது.

போன மாசியில் அவரே போன் செய்தார். சாத்தூரில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரிடம் அந்தப் புத்தகம் இருக்கிறதாம். “வாங்க, முடிச்சுக்கிடுவோம்” என்றார். முப்பது வருஷம் ‘ஏலே’ என்று கூப்பிட்ட வாய்.

காலை 7.10-க்கு விருதுநகரில் பஸ், சிவகாசிக்கு இருபத்தைந்து ரூபாய். திருத்தங்கலில் குருசாமி ஏறினார். ஒரே சீட்டில் நடுவே பையை வைத்து உட்கார்ந்தோம். 8.05-க்குச் சிவகாசி. டீயை அவரவர் வாங்கிக் குடித்தோம். 8.30-க்குச் சாத்தூர் பஸ், இருபது கிலோமீட்டர். கண்டக்டர் சேர்த்தா தனித்தனியா என்று கேட்டதற்கு, தனித்தனி என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஆளுக்கு இருபது ரூபாய்.

இந்தச் சாலையில் இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கரிசல்காட்டில் பட்டாசு ஷெட்டுகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நிற்கும். நடுநடுவே வேப்பமரம். எதிரே ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன்கள்.

9.20-க்குச் சாத்தூர். ஆட்டோ அறுபது ரூபாய். தபால்காரர் பெயர் தர்மராஜ். நான்கு டிரங்குப் பெட்டி நிறையப் படக்கதை, எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாசம். தட்டில் காராச்சேவு வந்தது. நான் கதையை முழுக்கச் சொல்வது, அவர் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு.

சொன்னேன். அவர் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டி, பக்க எண்ணைத் துண்டுத்தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார்.

“அண்ணாச்சி, வார்த்தை பிசகாமச் சொல்றீக. ஆனா ஏன் பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் போறீக? நீங்க சொல்றதுல, கையில குண்டு பட்டுக் கட்டுப் போட்டப்புறம்தான் மார்ட்டின் ஊருக்குள்ளயே வாரான்.”

கேட்டது அப்படித்தான் என்றேன். கௌபாய் கதை அப்படி முன்னுக்குப் பின்னாகத்தான் போகும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

முடிவுக்கு வந்ததும் தர்மராஜ் தயங்கினார். புத்தகத்தில் அச்சுக்காரன் பயந்துபோய்க் கம்பெனி சொன்னபடியே அடிக்கிறான். மார்ட்டின் தோற்றுப் பட்டறையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். கடைசிப் படம் அதுதான்.

படிக்காதவனுக்குக் காதும் ஞாபகமும்தான் ஆஸ்தி. அதுவும் பொய் என்றால் என்னிடம் வேறென்ன இருக்கிறது?

குருசாமி காராச்சேவை வாயில் போட்டபடி அந்தத் துண்டுத்தாளை எடுத்தார். 1, 4, 5, 8, 9, 12, 13, 16. மெல்லுவது நின்றது.

“ஏலே, இது மெஷின் வரிசைலே.”

பெரிய தாளில் ஒரு புறம் எட்டுப் பக்கம் அச்சாகும். அந்த எட்டும் தொடர்ச்சியாக இராது, மடித்து வெட்டினால்தான் வரிசைக்கு வரும். பின்புறத்து எட்டு மறுநாள் அச்சாகும். எங்களுக்குப் பொறுமை ஏது? முதல் நாள் அச்சானதை முதல் நாளே வாசித்தார், நானும் அப்படியே காதில் வாங்கி வைத்திருந்தேன். முப்பத்திரண்டு பக்கம், இரண்டு தாள், இதே வரிசை. அதற்கு மேல் நான் சொன்னது எந்தப் பக்கத்தோடும் ஒட்டவில்லை என்று தர்மராஜ் கோடு போட்டிருந்தார்.

குருசாமி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணாவது தாளு நம்ம பிரஸ்ஸுக்கு வரவே இல்லலே. பட்டாசு லேபிள் ஆர்டர் வந்துருச்சுன்னு வெளிய குடுத்துட்டாக.”

“அப்ப எதைப் பாத்துலே வாசிச்ச?”

“லேபிள் தாளைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அம்புட்டுப் பேரும் சோத்துக் கையோட என் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தீக. தோத்துட்டான்னு எப்படிலே சொல்ல?”

அவருக்கு மறந்தே போயிருந்தது. இனி யாரிடமும் சாட்சி சொல்ல வேண்டாம் என்றேன். ஆனால் அவரே, அந்தப் பந்தியில் இருந்தவர்களுக்கு அங்கிருந்தபடியே ஒவ்வொருவராகப் போன் போட்டு, அந்த முடிவைச் சேர்த்தது தான்தான் என்று சொன்னார்.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தோம். 1.15-க்கு நேர் பஸ், விருதுநகருக்கு இருபத்தெட்டு ரூபாய். இரண்டு டிக்கெட்டும் ஒரே கையால் எடுத்தோம், யார் கை என்பதில் ஒரு சின்னச் சண்டை. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. அவர் ஆறு, நான் நாலு.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள், விடமாட்டார்கள், விடவும் கூடாது. சேவு வாங்குவதானால் காலையில் வாங்குங்கள், சூடாக இருக்கும். கோபித்துக்கொண்ட ஆள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், ஒன்றேகால் மணி நேரப் பஸ் போதும்.

தர்மராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தைக் காட்டுவார். கேட்டு எழுதினால் அவரைக் கேட்டு வழி சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும், அதையும் படியுங்கள். மார்ட்டின் ஜெயித்த முடிவு அதில்தான் இருக்கிறது. தர்மராஜ் எழுதித் தரச் சொன்னபோது குருசாமிக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அவருடைய கதையை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.