எதிர் வீட்டுக்குக் குடிபோகிறவள்

கல்கத்தாவிலிருந்து கோவைக்குக் குடிபெயர்கிறேன், தனியாகக் காரோட்டிக்கொண்டு. நான்காம் நாள் காலை, இட்லி தேடிப் பெரிய காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால், நெசவாளர் தெருவொன்றில் பீரோ வழியை மறிக்கிறது. ஆறு பேர் அதைத் தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லியபடி நகர்கிறார்கள். பின்னால் குத்துவிளக்கோடு என் வயதுப் பெண்ணொருத்தி வருகிறாள்.

"எதிர் வூட்டுக்குத்தான்மா போறோம். நாலு நாளா சாமான் மாத்திக்கினு இருக்கோம். தறி மட்டும் பழைய வூட்லயே இருக்குது. புடவைய முடிச்சு அறுத்தாதான் பிரிக்க முடியும். அதுவரைக்கும் அங்கதான் போய் நெய்யணும்."

நான் ஒரே மாலையில் எல்லாவற்றையும் பிரித்துக் காருக்குள் திணித்தவள். இவளைப் பழைய வீடு இன்னும் விடமாட்டேன் என்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

நானும் வீடு மாறுகிறேன் என்றதும், பின்சீட்டை எட்டிப் பார்க்கிறாள். மிக்சி, பாத்திரங்கள், சுருட்டிய மெத்தை.

"அங்க எறக்க ஆளுங்க இருக்காங்களாமா?"

"நிறைய பேர் இருக்காங்க" என்கிறேன்.

கோவையில் எனக்குத் தெரிந்தவர் வீட்டுத் தரகர் ஒருவர்தான். அவரும் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

பீரோ இன்னும் எதிர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தேவையே இல்லாமல் ஹாரனை அழுத்துகிறேன்.