அக்னி மூலைக்கு மெரூன் வேண்டாம்

இன்று ஞாயிறு, காலை பதினோரு மணி. திருப்பதி பெயிண்ட் கடையில் நானும் நைனாவும் (அப்பாதான்).

புது வீட்டு சமையலறையில் கறுப்பு கிரானைட் தரை போட்டாச்சு. கப்போர்டும் கரும்பழுப்பு. இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் துண்டு கொண்டு போயிருந்தேன்.

"சுவருக்கு மெரூன்தான். தென்கிழக்கு அக்னி மூலை, செவப்புதான் ஆகும்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாரு" என்றார் நைனா.

கடையின் மெரூன் வண்ண அட்டையோடு அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்தேன். "குகை மாதிரி இருக்குது. அம்மா பட்டப்பகல்ல லைட் போட்டுக்கினு சமைக்கணுமா?"

கடைக்காரர் சிரித்தார். "தம்பி சிவில் இன்ஜினியரா? அதான் இந்த வாய்."

"வாஸ்துக்காரரா வந்து சமைக்கப் போறாரு?" என்றேன்.

நைனா வெளியே போய் பைக்கை எடுத்தார். ஆகவே:

1. கிரீம் பெயிண்ட் வாங்கியாச்சு. நாளை நானே அடிப்பேன்.
2. வாஸ்துக்காரர் கேட்டால் நைனா என் பெயரைச் சொல்லட்டும்.
3. மெரூன் கட்சிக்காரர்களுக்கு இந்தப் பதிவின் கமெண்ட்டில் பதில் தருவேன். தினமும் சமைப்பவர்களுக்கு மட்டும்.