கீழ் வரியின் திதி

அப்பாவின் திதி ஆண்டுதோறும் வேறு தேதியில் வரும். அதைக் கணக்கிடும் பொறுப்பை அம்மா கோயிலிடம் விட்டிருந்தார். சுங்காய்த் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்கள் பலவும் அப்படித்தான். கோயிலிலிருந்து வாட்ஸ்அப்பில் தேதி வரும்; அம்மா கையுறைத் தொழிற்சாலையில் விடுப்புக் கேட்பார்.

இவ்வாண்டுச் செய்தி வந்து, விடுப்பும் கிடைத்திருந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் கோயில் அலுவலகத்தில் உதவிக்கு அமர்ந்த நான், அம்மாவின் புதிய எண்ணைப் பதியும்போது கணினியின் திதிப் பட்டியலில் அப்பாவின் வரியைப் படித்தேன். இறந்த தேதி சரி. எதிரே தேய்பிறை நவமி என்றிருந்தது. பஞ்சாங்கத்தில் அந்நாள் திரயோதசி. கணினியிலோ திரயோதசி மேல் வரியில், வேறொருவர் பெயருக்கு எதிரே இருந்தது.

யாரோ திதிப் பத்தியில் ஒரு கட்டத்தை அழித்திருக்கிறார்கள். அதற்குக் கீழிருந்த திதிகள் அனைத்தும் ஒரு வரி மேலேறிவிட்டன. பட்டியல் மாதவாரியாக இருந்ததால் மாதம் மாறவில்லை. ஆகவே யாருக்கும் உறுத்தவில்லை.

எப்போதிலிருந்து? ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்துவைத்த நகல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்பாவின் முதலாண்டுத் திதியைக் குருக்களே கணித்தார். இரண்டாம் ஆண்டு நகலில் திரயோதசி. மூன்றாம் ஆண்டு முதல் நவமி.

செயலாளரிடம் காட்டினேன்.

"ஒரு கட்டம்தானே தங்கச்சி. சரி பண்ணிட்டா போச்சு லா."

"மத்த குடும்பங்களுக்கும் சொல்லணும்ண்ணே."

"சொல்லி? செத்தவங்க யாராச்சும் கம்ப்ளேன் பண்ணாங்களா? புக்கு படிக்கிற பிள்ளைங்களுக்கு எல்லாமே பெருசுதான்."

வீட்டில் அம்மாவும், நான் கணினி முன் கேட்டுக்கொண்டதையேதான் முதலில் கேட்டார்.

"எந்த வருஷத்திலேருந்து?"

சொன்னேன். அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டாவது வருஷம் சூப்பர்வைசர் லீவு தரல. அப்போ சரியான நாள் வந்துச்சு, நான் போவல. போன ரெண்டு வருஷமும் வேற யாரோட நாளோ."

"இந்த வருஷம் சரியான திதி நாலு நாள் தள்ளி வருதும்மா. லீவ மாத்திக் கேளுங்க."

"என்னான்னு கேக்க? கோயில் கம்பியூட்டர் கெட்டுப்போச்சுன்னா? சிரிப்பான்."

நவமியன்று போனோம். குருக்கள் கேட்டபோது அம்மா அப்பாவின் பெயரை உரக்க, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

திரயோதசியன்று தொழிற்சாலை வேன் வழக்கம்போல வந்து அம்மாவை ஏற்றிச் சென்றது. செயலாளர் பட்டியலைத் திருத்திவிட்டார் போலும். காலையிலேயே கோயிலிலிருந்து அம்மாவின் எண்ணுக்கு நினைவூட்டல் போயிருக்கிறது: இன்று தங்கள் குடும்பத்தாரின் திதி, தவறாது வருக. கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில் இருந்தது. மாலையில் அம்மா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.