மூன்றாம் ஓலைக்குப் போன சைக்கிள்

தபிதாள் டீச்சருக்குத் திமிர் என்று திருத்தணியில் சொல்லாத வாய் கிடையாது. சொல்லட்டுமே! எனக்கும் கண் இருக்கிறது, நானும் கூட இருந்து பார்த்தவள்தான். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் தையல் டீச்சர். என் பெயர் கௌரியம்மாள். மலைக்குப் பின்புறம் எங்களுக்கு நிலம் நீச்சு உண்டு. நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு மிஷன் பள்ளிக்கு வேலைக்குப் போகிறவள் என்று எனக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் எழுதமாட்டேன்.

சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்த சின்னப் பள்ளிகளைப் பார்த்துவருவதற்காக மிஷனில் இரண்டு லேடீஸ் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். ஒன்றைத் தபிதாள் எடுத்துக்கொண்டாள். மற்றதைத் தொட ஆளில்லை, கொட்டகையில் கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அவள் முதல் தடவையாகக் கடைத்தெருவில் சைக்கிளில் போனபோது பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வேறொருத்தியாக இருந்தால் வீட்டுக்குப் போய்த் தலையணையை நனைத்திருப்பாள். இவள் இறங்கி நின்றாள். "இன்னாடா, உங்க வீடு எங்க? வா, காட்டு" என்று ஒவ்வொருவனையும் அவனவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அடுத்த வாரம் அந்தப் பையன்களின் தங்கைகள் எங்கள் பள்ளியில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இதற்குப் பெயர் திமிர் என்றால், இன்னும் கொஞ்சம் திமிர் ஊருக்கு வேண்டியிருந்தது என்பேன்.

என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ஆனாலும் என்னை விடவில்லை. "அக்கா, அந்த இன்னொரு சைக்கிள் துருப்பிடிச்சிகினு கீது. வாங்க, ஏறுங்க" என்று பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கினாள். ஏறக் கற்றுக்கொண்டேன். மிதிக்கக் கற்றுக்கொண்டேன். இறங்கத்தான் வரவில்லை. நேரே வேப்பமரத்தைப் பார்த்து விடுவேன், மரம் வந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வேன். என் சைக்கிள் வித்தை அவ்வளவுதான்.

அது நாற்பத்தாறாம் வருஷம், வைகாசி. சண்டை முடிந்தும் டயருக்கும் பெட்ரோலுக்கும் பஞ்சம் தீரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் சேட்டு என்பவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருப்பவர், லுங்கி மூட்டையோடு சந்தைக்கு வந்திருந்தார். தபிதாளின் அண்ணன் யோபுவுக்கு அடுத்த வீட்டுக்காரர். தபிதாள் வாசலில் நின்று சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கல்யாணப் பொண்ணு கையெல்லாம் கரியாக்கிகினு கீறியே! நாளைக்கி உனக்கு மூணாவது ஓலையாச்சே" என்றார்.

எண்ணெய்க் கிண்ணம் கீழே விழுந்தது.

ஓலை என்றால் பனையோலை இல்லை. கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்பது. மூன்றாவது தரமும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் முடிந்தது கதை, தாலி கட்ட வேண்டியதுதான் பாக்கி. யோபு வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஓலை வாசிக்கும்போது பெண் சர்ச்சில் இருக்கக்கூடாது, தன் ஓலையைத் தன் காதால் கேட்கக்கூடாது. ஆகையால் பெண்ணுக்குச் சொல்லியனுப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

எப்படி இது நடந்தது என்று எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு யோபு வந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் இருக்கிறார், அரக்கோணம் ரயில்வேயில் குமாஸ்தா, பெயர் ஞானப்பிரகாசம், மனைவி செத்துப்போனவர், குவார்ட்டர்ஸ் இருக்கிறது, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகவேண்டியதில்லை என்கிறார் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தபிதாள் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டே "ஆங்… ஆங்…" என்றாள். எங்கள் பக்கத்தில் ஆங் என்றால் ஆமாம். சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கும் அதே ஆங்தான். அண்ணன்காரர் தனக்கு வேண்டிய ஆங்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"அவரு நல்ல மனுசனாவே இருக்கட்டும்க்கா. எனக்கு இந்த வேலை வேணும். அரக்கோணத்துல சோறு வடிச்சிகினு ரயில் சத்தம் கேட்டுகினு என்னால இருக்க முடியாது" என்றாள் தபிதாள், சேட்டு போனதும். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம்தான் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்: "காலையில பஸ்ல போலாம். நீங்களும் வர்றீங்களாக்கா? தனியா போய் நின்னா பித்துப் புடிச்சிடுச்சின்னு சொல்லிடுவாங்க. பக்கத்துல ஒரு குடும்பப் பொம்பள இருந்தா கேப்பாங்க."

போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

காலையில் பார்த்தால் கரி பஸ் புகைந்துகொண்டு நிற்கிறது, கிளம்பவில்லை. அடுப்புக்கரியில் ஓடுகிற பஸ், அது நினைத்தால்தான் வரும். கண்டக்டர், "இன்னிக்கி இத நம்பாதீங்கம்மா" என்று கையை விரித்துவிட்டான். வெயில் ஏறிவிட்டது. பத்து மணிக்கு ஆராதனை, பன்னிரண்டு பதின்மூன்று மைல் தூரம். தபிதாள் என்னைப் பார்த்தாள். நான் பஸ் ஏற்றிவிட வந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கோதண்டபாணி என்கிற அந்த மகானுபாவர் பல்குச்சியை எடுத்துவிட்டு, "போய்வா. விழுந்தா மொதல்ல சைக்கிள தூக்கு, மிஷன் சொத்து" என்றார்.

ஊர் எல்லை தாண்டியதும் மேல்காற்று முகத்தில் அறைந்தது. அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல அனல். மண் வாரிக் கண்ணில் போட்டது. நான் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பக்கத்துப் பனைமரம் பக்கத்திலேயே நிற்கிறது. முந்தானை ஒரு பக்கம் இழுக்க, ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்க, நான் முருகனையும் அவள் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, காத்தோட மல்லுக்கட்டாதீங்க!" என்று தபிதாள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "என் பின்னாடியே ஒட்டிகினு வாங்க. காத்து எம்மேல படட்டும். என் பின்சக்கரத்த மட்டும் பாருங்க, ரோட்ட பாக்காதீங்க."

அப்படியே செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முதுகுக்குப் பின்னால் காற்று பாதியாகிவிட்டது. மற்றப் பாதியையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டு போனாள். ரவிக்கை வியர்வையில் ஒட்டி, புழுதி படிந்து, அதன்மேல் மறுபடி வியர்வை. ஒருதரம்கூட, சீக்கிரம் வாங்க என்று சொல்லவில்லை. நேரமாகிறது என்கிற தவிப்பு அவளுக்குத்தான், எனக்கில்லை. இருந்தும் நான் பின்தங்கினால் அவளும் மெதுவாக மிதித்தாள். இந்தப் பெண்ணுக்கா திமிர்?

பாதி வழிக்குமேல் போயிருப்போம். என் முன்டயர் டப்பென்று வெடித்தது. நான் வேப்பமரம் இல்லாத ஊரில் இறங்கவேண்டிய முறையில் இறங்கினேன், அதாவது கள்ளிச்செடியின் பக்கத்தில் மணலில் உருண்டேன். முழங்கை தேய்ந்துவிட்டது. டயர் கிழிந்து நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிற கிழிசல் இல்லை.

"நீ போ தபிதா. நான் இங்க நெழல்ல குந்திகினு கீறேன். போம்மா, ஓலைய வாசிச்சிடப் போறாங்க!" என்றேன்.

"உங்கள வெயில்ல வுட்டுட்டு எனக்கு நியாயம் கேட்டுகினு நிப்பேனா? எழுந்திருங்க."

பக்கத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி என்கிற அம்மாள் ஓடிவந்து என் முழங்கைக்குத் தண்ணீர் விட்டாள். தெலுங்கும் தமிழுமாக, "ஐயோ தல்லி, ஆடோளுக்கு, பொம்பளைங்களுக்கு, இந்த வண்டி எதுக்கு?" என்றாள். தபிதாள் சிரித்துவிட்டு, டயர் கிழிந்த சைக்கிளை அவள் பொறுப்பில் விட்டாள். பிறகு தன் சைக்கிளின் பின்கேரியரைத் தட்டினாள்.

"ஏறுங்கக்கா."

நான் ஒல்லி இல்லை. எங்கள் வீட்டில் யாரும் ஒல்லி இல்லை. என்னையும் சுமந்துகொண்டு, எதிர்காற்றில், அந்த மேட்டுநிலத்தில் அவள் மிதித்தாள். சீட்டில் உட்காரவே இல்லை, எழுந்து நின்று மிதித்தாள். மூச்சு இரைப்பது எனக்குக் கேட்டது. மேடு வந்தால் நான் குதித்துத் தள்ளினேன், மேடு தீர்ந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரன், "எங்கம்மா கொள்ளை போவுது?" என்றான். "எங்க வீட்லதான்!" என்று நான் கத்தினேன். தபிதாள் அந்தக் களைப்பிலும் சிரித்தாள்.

பொதட்டூர்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை தறிச்சத்தம் குறைவு. சர்ச்சுக்குள்ளிருந்து போதகரின் குரல் தெருவுக்கே கேட்டது. போதகர் திருநெல்வேலிக்காரர், ஒவ்வொரு எழுத்தையும் கல்லில் வெட்டியதுபோலப் பேசுவார். நாங்கள் வாசற்படி ஏறும்போது, "…குமாரத்தியாகிய தபிதாளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது. இதற்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லவேண்டும். இது மூன்றாந்தரம்" என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

தபிதாள் உள்ளே நாலடி போய் நின்றாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை! வழியெல்லாம் தின்ற புழுதி தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இருமினாள். போதகர் பக்கத்தைப் புரட்டினார். அந்தச் சர்ச் வழக்கம் எனக்கென்ன தெரியும்? சந்தையில் கூப்பிடுவதுபோல, "ஐயா, கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினேன்.

சபை முழுக்கத் திரும்பியது. குங்குமமும் ரத்தமும் மண்ணுமாக ஒருத்தி நிற்கிறாள்.

போதகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரம்மா நீ? இந்த விவாகத்தில் உனக்கு என்ன தடை?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பொண்ணுக்குத்தான்."

அதற்குள் தபிதாளுக்குக் குரல் வந்துவிட்டது. கரகரவென்றுதான் வந்தது. "நான்தான் ஐயா அந்தப் பொண்ணு. எனக்குச் சம்மதம் இல்லைங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து யோபு எழுந்தார், முகம் கறுத்துவிட்டது. "ஈஸ்டருக்கு நான் கேட்டப்ப ஆங்னு சொன்னியே! ஒருதரமா சொன்ன? பத்துதரம் சொன்னியே!"

"நீ பேசிகினே இருந்தண்ணா. நான் கேட்டுகினு இருந்தேன். நீ என்னக் கேக்கவே இல்லையே."

போதகர் குழம்பிப்போனார். "ஆங் என்றால் ஆமா என்றுதானே அர்த்தம்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ரெண்டுந்தாங்க ஐயா" என்றது. அதற்குமேல் அடக்க முடியாமல் சபை சிரித்துவிட்டது. போதகர் சிரிக்கவில்லை. தபிதாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இப்போது சொல்லு மகளே. ஆங்கா, இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

"இந்த ஓலை நிறுத்தப்படுகிறது" என்றார். அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

யோபு பாட்டு முடியும்வரைகூட நிற்கவில்லை. தங்கையைத் தாண்டிப் போகையில், "இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு மூன்று வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அண்ணன் என்றால் தபிதாளுக்கு உயிர், அப்பாவுக்கு அப்புறம் படிக்கவைத்தது அவர்தான். தன் சைக்கிளை எடுக்க வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தலையை என்மேல் சாய்த்துக்கொண்டு, "நீ செஞ்சதுதாம்மா சரி, நீ செஞ்சதுதான் சரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறென்ன சொல்ல எனக்குத் தெரியும்?

அப்போது சர்ச்சின் பக்கவாசல் வழியாக யோபுவின் மனைவி தேவசுந்தரி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு செம்புத் தண்ணீர். புருஷனுக்கு எதிரே ஒரு வார்த்தை பேசாதவள் என்று ஊரே மெச்சுகிற பெண். இவளும் திட்டத்தான் வருகிறாள் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். அவள் செம்பைத் தபிதாளிடம் நீட்டினாள். தபிதாள் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுந்தான்னு சொன்னது நான்தான்" என்றாள்.

"அண்ணி…"

"என் ஓலைய வாசிச்சப்ப நான் வீட்ல இட்லிக்கு மாவாட்டிகினு இருந்தேன் தபிதா. யார் பேரோட சேத்து வாசிக்கறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுக் காலிச் செம்பை வாங்கிக்கொண்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, யோபு போன தெருவிலேயே போனாள்.