முடிஞ்ச மாதிரி

பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மூன்று பேர் சேர்ந்து கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறோம். சுவரில் கான்பன் பலகையை மாட்டியவன் நான். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. விதி அவ்வளவுதான்.

வரதராஜன்பேட்டைப் பெண் ஒருத்தி எங்களோடு வேலை பார்க்கிறாள். எதைக் கேட்டாலும், "முடிஞ்ச மாதிரிதான் சார்" என்பாள். பொய் இல்லை, சோதித்துப் பார்ப்பது மட்டும் பாக்கி இருக்கும். அதற்குள் சீட்டு கடைசிக் கட்டத்துக்குப் போயிருக்கும்.

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் மென்பொருளை வாங்கிய ஒரு கடையின் திறப்பு. அதற்கு முந்தின நாள் காலையில் வந்தவள், 'தங்கச்சி நிச்சயம்' என்று எழுதி ஒரு சீட்டை முதல் கட்டத்தில் ஒட்டினாள். சாயங்காலம் வீட்டில் நிச்சயதார்த்தம். மதிய பஸ்ஸை விட்டால் போய்ச் சேர முடியாது.

"கடை வேலையெல்லாம்?"

"முடிஞ்ச மாதிரிதான் சார்."

நான் ஸ்கேல் வைத்துக் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டு, மேலே 'முடிஞ்ச மாதிரி' என்று எழுதினேன். அவளுடைய சீட்டுகளை அதற்கு மாற்றினேன்.

"நக்கலா சார்?"

"இல்லம்மா, கட்டம். இதுல ஒரு சீட்டுக்கு மேல இருந்தா யாரும் புதுசா எதையும் எடுக்கக்கூடாது."

பூலாம்பாடிக்காரரான எங்கள் மூன்றாமவர் சிரித்தார். "உன் பேருக்கே பட்டா போட்டுட்டாரு, பாப்பா."

கட்டம் நிரம்பி வழிந்ததால் விதிப்படி நாங்கள் இருவரும் எங்கள் வேலையை நிறுத்திவிட்டு, அவளுடையதை ஒவ்வொன்றாகச் சோதிக்க உட்கார்ந்தோம். திருப்பிக் கொடுத்த சோப்பின் விலையை பில் கழிக்காமல் கூட்டியது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சரிசெய்தாள். கடைசிச் சீட்டு நகர்ந்ததும் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து போன் செய்தேன்.

"பஸ் கெடச்சுதாம்மா?"

"ஏறி உக்காந்துட்டேன் சார். வூட்டுக்குப் போன மாதிரிதான்."

பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது. வழியில் அரியலூரும் ஜெயங்கொண்டமும் இன்னும் பாக்கி. 'தங்கச்சி நிச்சயம்' சீட்டை எடுத்துப் புதுக் கட்டத்தில் ஒட்டினேன். அதில் அது ஒன்றுதான் இருந்தது.